கும்பிட்ட கை

மாரியாயி மதினி இறந்த செய்தி வந்தபோது நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் குடை, வாய்க்குள் வெற்றிலை. போன் அடித்தது. மதினியின் மகள் சாந்தி. "சித்தப்பா, அம்மா போயிட்டாங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் கொண்டுக்கிட்டு வர்றோம்" என்றாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வர்றேன்மா" என்று மட்டும் சொன்னேன். 

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாற்பது வருடம் பழகியவர் போய்விட்டார் என்று கேட்டதும் கண் கலங்காமல் தன்னை நினைத்துப் பயப்படுகிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் அப்படித்தான் நடந்தது. எனக்கும் மதினிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. அவர் உயிரோடு இருந்தவரை, என்றைக்காவது அவரே அதைச் சொல்லிவிடுவார் என்று நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். இனி அந்த முதுகு இல்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கொத்மலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலும், சுற்றியிருக்கிற நாலைந்து தோட்டங்களிலும், சாவு விழுந்தால் ஒப்பாரி பாட முதலில் ஆள் அனுப்புவது மாரியாயி வீட்டுக்குத்தான். என் பெரியப்பா மகனின் மனைவி அவர். நான் அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரித்து, பகலில் கொழுந்து நிறுத்து, இடையில் துரையிடம் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். மலையில் நிற்கும்போது மதினி என்னைக் "கணக்கப்புள்ள" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்குள் வந்துவிட்டால் "என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு மூஞ்சி தொங்கிப் போயிருக்கு, தொர ஏசிட்டாராக்கும்" என்று பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்குவார். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை காலியாகும்வரைக்கும் நிற்காது.

அவர் பாடுகிற விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். எங்கள் லயத்தில் ஒரு கிழவர் இருந்தார். யாருக்கும் ஒரு சுண்ணாம்புத் தடவல்கூடக் கொடுக்காத மனிதர். அவர் செத்த வீட்டில் மதினி தலைமாட்டில் உட்கார்ந்து, "வாரி வாரிக் கொடுத்த கை வாடிக் கிடக்குதையா" என்று எடுத்தார். கிழவரின் மனைவி அழுகைக்கு நடுவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாகி, அவளைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "ஏன் மதினி, அந்த மனுசன் யாருக்கு எதைக் கொடுத்தாரு?" என்று அப்புறம் கேட்டேன். "செத்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டு கூட்டித்தான் பாடணும். உள்ளத மட்டும் பாடினா யாரு அழுவா?" என்றார். அன்றைக்கு எனக்கு அது நல்ல பதிலாகவே பட்டது.

நான் சொன்ன விஷயம் பல வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு பகல் பொழுதில் நடந்த கொலையைப் பற்றியது. தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்து நடந்த மலை, மேலே கொழுந்து நிறுக்கிற மடுவம், கீழிருந்து மடுவத்துக்கு ஏறி வருகிற ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான் ஓடும், மழைத் தண்ணீர் இறங்குவதற்கு வெட்டிய கல் பதித்த வாய்க்கால். கவ்வாத்து ஆட்கள் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள். லோகன் மட்டும் தன் நிரையை முடித்துவிட்டுப் போகலாம் என்று கத்தியோடு நின்றிருக்கிறான். சிவா அன்றைக்குக் கான் துப்புரவு வேலை, கையில் அலவாங்கு என்கிற இரும்புக் கடப்பாரை. இரண்டு பேருக்கும் லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்தியின் வேலி விஷயமாக ஒரு மாதமாகவே புகைச்சல். நான் மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து மதினியும் இன்னும் இரண்டு பெண்களும் கொழுந்துக் கூடையோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கூச்சல் கேட்டது. திரும்பினேன். சிவா கீழே கிடந்தான். லோகன் கத்தியோடு நின்றான். அடுத்த நிமிடம் பனிமூட்டத்துக்குள் பெண்களின் அலறல் மட்டும்தான்.

சிவாவுக்கு வயது இருபத்தாறு. தாய் காளியம்மாவுக்கு இரண்டு மகன்கள், மூத்தவன் முருகேசு, இளையவன் இவன். பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்து லயத்து வாசலில் கிடத்தினார்கள். நம் வழக்கப்படி கால் பெருவிரல்களைச் சேர்த்தும், கைக் கட்டைவிரல்களைச் சேர்த்தும் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. கைகள் இரண்டும் நெஞ்சின் மேல். மதினி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார்:

"கும்பிட்ட கை எறங்கலையே – என் ராசா
கூப்பிட்ட வாய் மூடலையே
வெட்டாதேன்னு நீ நிக்க – அந்த
வெறிபிடிச்ச மனம் எறங்கலையே..."

அதைக் கேட்ட ஒருத்தர் கண்ணும் காயவில்லை. காளியம்மா மயங்கி விழுந்தாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். கருமாதி முடியும்வரை பதினாறு நாளும் காலையிலும் மாலையிலும் மதினி வந்து பாடினார். லயம் முழுக்க அந்த நாலு வரியும் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. குழாயடியில் முணுமுணுத்தார்கள். கொழுந்து எடுத்துக்கொண்டே முணுமுணுத்தார்கள்.

பொலிஸார் எங்களிடம் வாக்குமூலம் எடுக்க வந்தது அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். லயத்து வாசலில் ஒரு மேசை போட்டு, எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். மடுவத்துக்கு ஏறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் முதலில். "கும்பிட்டுக்கிட்டு நின்னவர வெட்டுனாங்க" என்றார்கள். அடுத்தது நான். "கும்பிட்டுக்கிட்டு நின்றவரை வெட்டினார்" என்றேன். பொய் சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்குத் துளியும் இல்லை. கண்ணை மூடினால் சிவா கும்பிடுவது தெரிந்தது. இப்போதும் தெரிகிறது என்பதுதான் கொடுமை. கடைசியில் மதினி. "எல்லாரும் சொன்னதுதாங்க" என்று சொல்லிப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வர வருடங்கள் ஆயின. அதுவரை லோகன் விளக்கமறியல் சிறையில் இருந்தான். அவன் பக்கத்துக் கதை ஒன்றே ஒன்றுதான்: சிவா அலவாங்கை ஓங்கிக்கொண்டு வந்தான், பின்வாங்கினேன், அதற்கு மேல் போக இடமில்லை, உயிருக்குப் பயந்து வெட்டினேன். எங்கள் லயத்தில் அதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. லோகனின் மனைவி ஒருநாள் மடுவத்துக்கு வந்தாள், இடுப்பில் பிள்ளை. "அண்ணே, நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்தேன்" என்றேன்.  அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வழக்குத் தவணை, அதாவது விசாரணை நாள், நெருங்க நெருங்க முருகேசு சாட்சிக்காரர் வீடுகளுக்கு வரத் தொடங்கினான். சத்தம் போடமாட்டான். மிரட்டமாட்டான். அதுதான் இன்னும் பயம். ஞாயிற்றுக்கிழமை பகலில் என் வீட்டுக்கு வந்து, என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தான். எழுந்து போகும்போது, "சொன்னத மாத்தாதீங்க கணக்கப்புள்ள. அம்மா அதக் கேட்டுக்கிட்டுத்தான் உசுரோட இருக்கு" என்றான். அவ்வளவுதான். அவன் போன பிறகு என் மனைவி கதவைச் சாத்தினாள். பட்டப்பகலில் எங்கள் லயத்தில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நான் அதைத் திறக்கச் சொல்லவில்லை.

முதல் தவணையில் அந்த இரண்டு பெண்களை மட்டும் விசாரித்தார்கள். எங்களை வெளியே மரவாங்கில் உட்காரவைத்துவிட்டு, பின்னேரம் அடுத்த தவணைக்கு வரச் சொன்னார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர்கள் இருவரும் உள்ளே என்ன சொன்னோம் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டு வந்தார்கள். பயம் தெளிந்தவர்களுக்கு வருகிற பேச்சு அது, நிற்காது. "கும்பிட்ட கை எறங்கவே இல்லீங்கன்னேன். வெட்டாத வெட்டாதன்னு நின்னாருன்னேன்" என்றாள் ஒருத்தி. "நானும் அதத்தான் சொன்னேன்" என்றாள் மற்றவள். எனக்குப் பக்கத்தில் இருந்த மதினி அதுவரை ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், சட்டென்று திரும்பி அவர்களைப் பார்த்தார். முகத்தில் இரத்தமில்லை. மயக்கமோ என்று நினைத்து, "தண்ணி வேணுமா மதினி?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். 

இரண்டாம் தவணைக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். விடிந்ததும் ஏறிய பஸ். பாதி வழியில் மதினி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கொழுந்தனாரே, நீங்க நெசமா அந்தக் கையப் பாத்தீங்களா?"

"என்ன மதினி, இப்பப் போயி? பாத்தேன்."

"எந்தப் பக்கமா திரும்பி நின்னு கும்பிட்டான்?"

நான் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மடித்தேன். எரிச்சல் வந்தது.

"எனக்கு அந்தக் கை தெரியவே இல்ல" என்றார் மதினி. "நானும் ஒரு வாரமா யோசிக்கிறேன். அன்னைக்கு எனக்குக் கூடை நெறைய கொழுந்து. கூடைக் கயிறு தலையில, குனிஞ்சுதான் வந்தேன். காலுதான் தெரிஞ்சுச்சு. கை எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா, அது என் பாட்டுல இருந்து வந்திருக்கு. நான் பொணத்தோட கையப் பாத்துப் பாடினேன். அந்தப் புள்ளைங்க ரெண்டும் என் பாட்டப் போயி கோர்ட்டுல சொல்லிட்டு வந்திருக்குங்க. எனக்கு ஈரக்கொல நடுங்குது."

இப்போது நான் ஒளித்துவைத்திருந்ததைச் சொல்கிறேன். அந்த இடத்தில் நான் மதினியின் கையைப் பிடித்தேன். "மதினி, இதெல்லாம் உங்களுக்கு வேணாத வேலை. நம்ம அந்த லயத்துலதான் இருந்தாகணும். முருகேசு வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதான். பேசாம எல்லாரும் சொன்னத நீங்களும் சொல்லிட்டு எறங்கிருங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவருக்காகக் கெஞ்சியதுபோல எனக்கே தோன்றியது. உண்மையில் எனக்காகத்தான். அவர் வேறு ஒன்றைச் சொன்னால் நான் என்ன ஆவேன் என்ற பயம். மதினி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "பாட்டுல ஒண்ணக் கூட்டினா செத்தவனுக்குப் பெரும. இங்க கூட்டினா உசுரோட இருக்கிறவன் போயிருவான்" என்றார். 

நுவரெலியா நீதிமன்றத்தில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறினேன். உள்ளே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்காகப் பக்கத்தில் ஒரு உரைபெயர்ப்பாளர் நின்றார். அரச சட்டத்தரணி கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகவே சொன்னேன். பிறகு லோகனுக்காக வந்திருந்த சட்டத்தரணி அம்மா எழுந்தார். தமிழ் அம்மாதான், சின்ன உருவம், சத்தமே போடவில்லை. நான் நின்ற இடம், சிவா நின்ற இடம், நடுவில் எவ்வளவு தூரம், பனி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "சிவா இரண்டு கையாலும் கும்பிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் அலவாங்கு எங்கே இருந்தது?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அத்தனை வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்த காட்சியில் அலவாங்கே கிடையாது. நீதிபதி பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பின்வரிசையில் முருகேசு இருந்தான்.  "பாதையில கீழே போட்டிருந்தார்" என்றேன். "போட்டதைப் பார்த்தீர்களா?" "பார்த்தேன்." அந்த அம்மா, "அலவாங்கைப் பொலிஸார் எடுத்தது பாதையில் இல்லை, கானுக்குள்ளே, லோகன் நின்ற இடத்துக்கு நேர் கீழே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூண்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சாட்சியம் சொல்லி முடித்தவர் உள்ளே இருக்கலாம் என்றார்கள். கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்தது மதினி. அரச சட்டத்தரணிக்கு அவர் கடைசிச் சாட்சி, சீக்கிரம் முடிகிற சாட்சி என்று நினைத்திருப்பார். "இறந்தவர் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் மதினி.

நீதிமன்றத்தில் ஒரு அசைவு.  பொலிஸில் அப்படித்தானே சொல்லியிருக்கிறீர்கள், அது பொய்யா என்று அரச சட்டத்தரணி காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பொய் சொல்லலீங்க ஐயா. நம்பிட்டேன். செத்தவன் கையச் சேத்துக் கட்டியிருந்தாங்க. அதப் பாத்து, கும்பிட்டான்னு நான் ஒப்பாரி கட்டினேன். காலையிலயும் சாயங்காலமும் பாடினேன். கேட்டவங்க எல்லாரும் அழுதாங்க. கடைசியில என் பாட்ட நானே நம்பிட்டேங்க. அந்தக் கைய நான் பாடினேன் ஐயா, பாக்கல."

நீதிபதி உரைபெயர்ப்பாளரை நிறுத்தி, அதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு அவரே கேட்டார், அப்படியானால் நீங்கள் பார்த்தது என்ன?

மதினி முந்தானையைத் தலைக்கு மேல் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்தார். கூடை சுமந்து ஏறுகிற மாதிரியே தலை குனிந்து நின்று காட்டினார். "இப்புடித்தாங்க வந்தேன். நிமிந்தா கூடை பின்னால இழுக்கும். கானுக்கு மேல ரெண்டு சோடிக் காலு தெரிஞ்சுச்சு. ஒண்ணு சப்பாத்துக் காலு, ஒண்ணு வெறுங்காலு. சப்பாத்து முன்னால வருது. வெறுங்காலு பின்னால பின்னால போவுது. ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடி... குதிகாலு கான் விளிம்புக்கு வந்திருச்சு. அதுக்கு மேல போக எடமில்ல. இரும்பு கல்லுல மோதின சத்தம் கேட்டுச்சு. அதுக்குப் பொறகுதான் சிவாப் புள்ள கத்தின சத்தம்."

சிவா எப்போதும் சப்பாத்துப் போடுவான் என்பதும், லோகன் வெறுங்காலோடுதான் வெட்டுவான் என்பதும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பொலிஸார் எடுத்த படங்களிலும் அப்படியே இருந்தது. அரச சட்டத்தரணி விடவில்லை. உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, யாருக்காவது பயந்து மாற்றிச் சொல்கிறீர்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "பயந்திருந்தா அந்தக் கையத்தாங்க சொல்லியிருப்பேன்" என்றார் மதினி.   அரச சட்டத்தரணி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். மூன்று சாட்சிகள் வெவ்வேறு இடத்தில் நின்றும் ஒரே காட்சியை ஒரே வார்த்தைகளில் சொன்னதே ஐயத்தைத் தருகிறது என்றார் நீதிபதி. தன்னால் எதைப் பார்க்க முடிந்தது, எதைப் பார்க்க முடியவில்லை என்று பிரித்துச் சொன்ன சாட்சி ஒருவர்தான் என்றும், அவர் கேட்ட இரும்புச் சத்தம் கானுக்குள் கிடந்த அலவாங்கோடு பொருந்துகிறது என்றும் சொன்னார். பின்வாங்க இடமில்லாதவன் தன் உயிரைக் காக்க ஒரே ஒரு வெட்டு வெட்டியிருக்கிறான் என்பதை ஏற்றுக்கொண்டு லோகனை விடுதலை செய்தார். கணக்கப்பிள்ளையின் சாட்சியத்தில் நம்பிக்கை வைக்க முடியாது என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

லோகன் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டான். மதினி போகவில்லை, அவருக்குப் போக இடமில்லை. முருகேசு வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் அதே சுவர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்லும் வரவில்லை, ஒரு ஏச்சும் வரவில்லை. பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. குழாயடியில் மதினி வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சாவு வீட்டுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. "ஒப்பாரிக்காரியே காட்டிக்கொடுத்துட்டா" என்று என் காதுபடச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளை சிவா வீட்டார் பக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த நிழலிலேயே நின்றுகொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டிப் பிடி சாய்த்து வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குப் பயமில்லன்னு நெனச்சேன் மதினி" என்றேன். சிரித்தார். "பயமில்லாம இருக்க நான் என்ன சாமியா? அந்தக் கூண்டுல ஏறுறப்ப எனக்கு ஒண்ணுக்கே வந்திருச்சு கொழுந்தனாரே. பயந்துக்கிட்டேதான் சொன்னேன்" என்றார். பஸ்ஸில் நான் கெஞ்சியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே கேட்கவில்லை. கேட்டு நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

அண்ணன் இறந்தபோது, சொந்தப் புருசனுக்கே, மதினி ஒப்பாரி வைக்கவில்லை. தலைமாட்டில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் லயத்தில் குறை சொன்னார்கள். "ஒரு வரியாவது எடுங்க மதினி" என்று நான் குனிந்து சொன்னேன். "வேணாம். நான் வாயத் தொறந்தா அது எவன் கண்ணுக்குள்ள போயி ஒக்காருமோ" என்றார். அவர் பாட்டை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.

இப்போது அவருடைய சாவுக்கு வருகிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது மதினியை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கூட்டம் கொஞ்சம்தான். பாட ஆளில்லை. சாந்தி விம்மினாள், மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாவு வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கால் விரல்களைக் கட்டியாயிற்று. கை விரல்களைக் கட்டத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காளியம்மா. எழுபதைத் தாண்டிய உடம்பு, முருகேசு பிடித்துக்கொண்டு வந்தான். இத்தனை வருடத்தில் அந்த வாசலை அவள் மிதித்ததில்லை. சாந்தி எழுந்து தாய்க்கு முன்னால் நின்றுகொண்டாள்.  சபிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். நான் மட்டுமல்ல, எல்லோரும் அதையே நினைத்தோம்.

காளியம்மா துணியைப் பிடித்திருந்தவளைப் பார்த்து, "அவ கையக் கட்டாதீங்கடி" என்றாள். "அதப் பாத்துத்தானே அன்னைக்கு எம்புள்ளைக்குப் பாடினா. இவளுக்கு எவளும் ஒண்ணும் பாட வேணாம்." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மதினியின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூக்குகிற நேரம் வரை விடவில்லை. அது கோபமா, இரக்கமா, இரண்டும்தானா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது மாதிரி எழுதவும் மாட்டேன்.

முருகேசு கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் நான் இன்னும் சொன்னதை மாற்றாத ஆள். அவன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறாள். இதை அவனும் வாசிப்பான், யாராவது காளியம்மாவுக்குப் படித்தும் காட்டுவார்கள். அதை நினைத்து, இதை எழுதும்போது இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன்.

மதினியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய தைரியம் என்று எழுத ஆசைதான். ஆனால் அவரிடம் இருந்ததும் பயம்தான், அதைத்தான் நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். என் பயம் வாயை மூட வைத்தது. அவருடைய பயம், வாயைத் திறக்கும் முன், இதை நீ பார்த்தாயா என்று தன்னையே கேட்க வைத்தது. இத்தனை வருடம் கழித்து நானும் கேட்டுப் பார்த்தேன். கூண்டு இல்லை, நீதிபதி இல்லை. இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் மடுவத்தில் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். சிவா கிடந்தான், லோகன் நின்றான். கும்பிட்ட கையை நான் பார்க்கவில்லை. அலவாங்கைக் கீழே போட்டதையும் பார்க்கவில்லை, அது கூண்டில் நின்று நான் உண்டாக்கியது. மதினியையும் என்னைப் போலச் சொல்லச் சொல்லிக் கெஞ்சியவன் நான்.

பயந்துக்கிட்டேதான் சொல்றேன், மதினி.